பொறுமையும் தாமதமும்

"தானாகச் சரியாகிவிடும்" என்பது நமது குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் சொல். பிள்ளைக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லையா? அவன் வாப்பாவே மூன்று வயதில்தான் பேசினார் என்பார்கள். பத்து மாதமாகியும் உட்காரவில்லையா? பூசினாற்போன்ற உடம்பு, மெதுவாகத்தான் உட்காரும் என்பார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லையா? விளையாட்டுக் கவனம் என்பார்கள். இவையெல்லாம் வெறும் பொய்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பல பிள்ளைகளின் விஷயத்தில் அவை மெய்யாகவே பலித்துவிடுகின்றன. அதனாற்றான் அச்சொல்லுக்கு இத்தனை செல்வாக்கு. ஆனால், பலிக்காமற்போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைக் குறித்தே இங்கு எழுத முற்படுகிறோம்.

பொறுத்திருப்பது எதுவரை பொறுமை? எந்த நாளிலிருந்து அது கடமை தவறுதல்? பொறுமையைப் பெரும் பண்பாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. 'ஸப்ரு' என்னும் அரபிச் சொல்லின் வேர்ப்பொருளை ஆராய்ந்தால், 'பிடித்து நிறுத்துதல்' என்று அகராதியாசிரியர்கள் எழுதியிருப்பதைக் காணலாம். துன்பம் வந்துற்றபோது மனம் பதறாமலும் நாவு புலம்பாமலும் தன்னைத்தானே பிடித்து நிறுத்துவதே ஸப்ரு. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதற்கு அந்தப் பெயரை அவர்கள் வழங்கவில்லை. அன்றியும், ஒருவர் தமக்கு வந்த துன்பத்தில்தான் பொறுமை காட்ட இயலும். பிள்ளைக்கு வந்த குறையில் பெரியவர்கள் 'பொறுமை' காட்டும்போது, அந்தப் பொறுமைக்கான விலையைக் கொடுப்பது யார்? பேசத் தெரியாத, சம்மதமும் கேட்கப்படாத அந்தச் சிசுவன்றோ!

பிறரைக் குறை கூறுமுன் நமது பிழையைச் சொல்லிவிடுவதே முறை. பல ஆண்டுகளுக்கு முன் நமது மக்தபில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓதி வந்தான். அலிஃப், பா, தால் முதலிய எழுத்துகளைத் தெளிவாகச் சொல்வான். ஸீன், ஷீன், ஸாத், ஃபா ஆகியவை மட்டும் அவன் வாயில் வரவே வரா. ஒன்று விழுங்கிவிடுவான், அல்லது எல்லாவற்றையும் ஒரே ஒலியாக்கிவிடுவான். எழுத்துகளின் பிறப்பிடங்களைக் கற்பிக்கும் கலையையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட நாம், அதைப் பிடிவாதம் என்று கருதினோம். நிற்க வைத்தோம். இருமுறை பிரம்பையும் எடுத்தோம். பாங்கொலி கேட்டால் தலை நிமிர்த்துவான். கதவு அறைந்தால் திடுக்கிடுவான். ஆகவே, அவன் செவியைக் குறித்து நமக்குச் சந்தேகமே எழவில்லை.

இரண்டாண்டுகள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த மருத்துவ முகாமொன்றில் உண்மை வெளிப்பட்டது. தாழ்ந்த ஒலிகள் அவனுக்கு நன்றாகக் கேட்கும். உயர்ந்த அதிர்வுடைய ஒலிகள் கேட்கா. பெரும்பாலும் பிறவியிலேயே வந்த குறை என்றார் மருத்துவர். ஸீனும் ஷீனும் ஃபாவும் அந்த உயர்ந்த ஒலிகளின் வரிசையைச் சேர்ந்தவை. செவியில் விழாத எழுத்தை நாவு எங்கிருந்து எடுத்துக் கொடுக்கும்?

இதைவிட நம்மை வருத்தியது அவன் உம்மா சொன்ன செய்தி. "ஒரு வயசிலேயே எனக்குத் தோணுச்சு ஹஜ்ரத். மாமிகிட்ட சொன்னேன், சும்மா இருன்னாங்க. அப்புறம் உங்ககிட்டதான் தூக்கிட்டு வந்தேன். ஓதி ஊதிட்டு, ஸப்ரு செய்ம்மான்னு சொல்லி அனுப்பினீங்க." நமக்கு அது நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது. துஆ கேட்டு வந்த தாய்க்காக துஆச் செய்ததில் தவறில்லை. மருத்துவமனைக்கு வழி சொல்லாமல் அனுப்பியதுதான் தவறு.

இழந்த அந்த ஆண்டுகளை அவனுக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வதன்று. குழந்தையின் மூளை வளரும் விதமே அப்படி அமைந்திருக்கிறது. ஹியூபெல், வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடித் தைத்துவைத்து, பின்னர் திறந்து பார்த்தார்கள். கண்ணில் பழுதேதுமில்லை, ஆயினும் குட்டிக்கு அந்தக் கண்ணால் பார்க்க இயலவில்லை. பார்வைக்கெனக் காத்திருந்த மூளைப் பகுதியை மற்றக் கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது ஒன்றும் நேரவில்லை. இவ்வாராய்ச்சிகளுக்காக அவர்களுக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கண்ணில் பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்று கண் மருத்துவர்கள் அவசரப்படுத்துவது இதனாற்றான்.

செவிக்கும் அப்படியே. பிறந்து ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது இன்று உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. உறங்கும் சிசுவின் செவியை எப்படிச் சோதிப்பது என்று வாசகர்கள் வியக்கலாம். நலமான உட்செவி, ஒலியைக் கேட்கும்போது தானும் மெல்லியதோர் எதிரொலியை வெளியிடுகிறது. லண்டனில் டேவிட் கெம்ப் என்பவர் 1978-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். சிறு குமிழொன்றைக் காதில் பொருத்தி அந்த எதிரொலி வருகிறதா என்று பார்த்தால் போதும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். படைத்தவன் செவிக்குள்ளேயே சாட்சியை வைத்திருக்கிறான். கேட்பார் இல்லாமல் அச்சாட்சி எத்தனை காலம் மௌனமாய் இருந்தது!

தைராய்டு சுரப்பு இல்லாமல் பிறக்கும் குழந்தையின் கதை இன்னும் கொடிது. பார்க்க எல்லாக் குழந்தைகளையும் போலவே இருக்கும். குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்து, முதல் இரண்டு வாரங்களில் விலை மலிந்த ஒரு மாத்திரையைத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் அறிவு இயல்பாக வளரும். மாதங்கள் தவறினால் மந்தபுத்தி என்னும் பெயரோடு அப்பிள்ளை ஆயுள் முழுதும் இருக்க நேரும். இதை விதி என்று சொல்வோமானால், தவறிப்போன அந்தச் சொட்டு இரத்தத்துக்கு யார் பொறுப்பு?

இனி, அரசின் கடமைக்கு வருவோம். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634-644) பொதுக் கருவூலத்திலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. பால்குடி மறந்த குழந்தைக்கே அத்தொகை என்பது அன்றைய விதி. ஓரிரவு மதீனாவின் புறத்தே வந்திறங்கிய வணிகக் கூட்டத்துக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் நின்றிருந்தபோது, ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு சொல்லித் திரும்பினார்கள். மீண்டும் அழுகை; மீண்டும் சென்றார்கள். இறுதியில், வந்திருப்பவர் கலீஃபா என்றறியாத அத்தாய் உண்மையைச் சொன்னார். பால் மறந்த பிள்ளைக்கு மட்டும்தான் உமர் தொகை கொடுக்கிறார். ஆகவே காலத்துக்கு முன்பே பாலை நிறுத்தப் பழக்குகிறேன் என்றார். அன்று காலைத் தொழுகையில், அழுகையினால் கலீஃபாவின் ஓதல் மக்களுக்கு விளங்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். தொழுகை முடிந்ததும் விதி மாற்றப்பட்டது. பால் மறப்பிக்க அவசரப்பட வேண்டாம். பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என ஊரெங்கும் அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றை நாம் மேடைகளில் உமர் (ரலி) அவர்களின் இளகிய மனத்துக்குச் சான்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இளகிய மனம் மட்டுமன்று அதிலிருப்பது. ஒரு வயதுக்குமேல்தான் உரிமை என்று அரசு கோடு போட்டால், கோட்டுக்கு இப்பால் நிற்கும் சிசுவின்மீது அக்கோடு என்ன செய்யும் என்பதை ஆட்சியாளர் கண்டுகொண்டதே அதன் சாரம். அவர் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. விதியைக் கடிந்துகொண்டார்.

நமது ஃபிக்ஹு அறிஞர்கள் இக்கருத்தை இலக்கணமாகவே வகுத்துவிட்டனர். கடமையை நிறைவேற்றும் தகுதி வேறு. உரிமையைப் பெறும் தகுதி வேறு. முன்னது பருவமும் அறிவும் வந்த பிறகே வரும். பின்னது பிறந்த கணமே முழுமையாக வந்துவிடும். தந்தை இறந்தால் கருவிலிருக்கும் பிள்ளைக்கும் பங்கை ஒதுக்கி வைத்துத்தான் சொத்தைப் பிரிக்க வேண்டும். பேசத் தெரியாது, கேட்கத் தெரியாது என்பதனால் உரிமை ஒத்திப்போடப்படுவதில்லை.

நமது நாட்டின் சட்டங்களில் அந்தக் கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது? 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோரின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்று மட்டும் கூறியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல வகையில் பாராட்டத்தக்கது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகளை 21 ஆக விரித்தது. எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கொரு முறையேனும் சோதித்து, ஆபத்திலுள்ளோரைக் கண்டறிய அரசுகளைப் பணித்தது. ஆயினும், இலவசக் கல்விக்கான உரிமை அங்கும் 6 வயதில்தான் தொடங்குகிறது. மூளை எந்த ஆண்டுகளில் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் திறந்திருக்கிறதோ, அந்த ஆண்டுகள் 'முயற்சி'யின் பக்கத்தில் விழுந்துவிட்டன. முயற்சிக்கு எதிராக எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநீதி. 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம்' என்னும் மத்தியத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளுக்கும், ஒருமுறை பள்ளிகளுக்கும் வருகின்றன. பிறவிக் குறைகள், ஊட்டக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நால்வகையையும் தேடுகின்றன. கண்டறியப்பட்ட குழந்தை, மாவட்டத்தில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்படுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட செவிகேளாப் பிள்ளைக்கு, பல இலட்சம் ரூபாய் பிடிக்கும் காக்ளியர் கருவியை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழக அரசு இலவசமாகப் பொருத்துகிறது. இவை சிறிய செயல்களல்ல.

குறை எங்கே என்றால், கண்டறிவதற்கும் பயிற்சி கிடைப்பதற்கும் இடையிலுள்ள பாதையில் இருக்கிறது. நமது தெருவில் ஒரு பெண். கணவர் சவூதியில். ஒன்றரை வயது மகளுக்கு மூளை முடக்குவாதம். சீட்டு எழுதிக் கொடுத்து மாவட்ட மையத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருந்து மாற வேண்டும். துணைக்குத் தம்பி வர வேண்டும். அவன் வந்தால் அன்றைய கூலி போகும். ஒருமுறை நாமும் உடன் சென்றிருந்தோம். உடற்பயிற்சி கொடுப்பவர் இருந்தார். பேச்சுப் பயிற்சியாளருக்கு அன்று முறையில்லை. இருந்தவர் தங்கமான மனிதர். இருபது நிமிடம் அந்தப் பிள்ளையின் கால்களை நீட்டி மடக்கியவர், பிறகு தாயையே தரையில் உட்கார வைத்து, சோறூட்டும்போது தலையை எப்படித் தாங்குவது, இடுப்பில் தூக்கும்போது கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளாமல் எப்படிப் பிரித்து வைப்பது என்று காட்டிக் கொடுத்தார். அந்த இருபது நிமிடப் பயிற்சியைவிட இந்தப் பத்து நிமிடப் பாடமே பிள்ளைக்கு மிகுந்த பலனளித்தது என்று அப்பெண் பின்னர் சொன்னார். ஏனெனில், பயிற்சியாளரிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு வேளை. தாயிடம் இருப்பது மற்ற எல்லா வேளையும். ஆனால், அந்தப் பத்து நிமிடத்துக்காக ஒரு பகல் முழுதும் செலவிட வேண்டியிருந்தது. நான்கு மாதத்தில் அவர் போவதை நிறுத்திவிட்டார். மையத்தின் ஏட்டில் அவர் 'வராதவர்' என்று பதியப்பட்டிருப்பார். வரமுடியாமற் செய்தது எது என்று பதிய அந்த ஏட்டில் கட்டமேது?

மற்றுமொரு அலைச்சல் உண்டு. மருத்துவக் குழு சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. அங்கன்வாடி சமூக நலத் துறையைச் சேர்ந்தது. அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். பள்ளி கல்வித் துறையிடம். ஒரே பிள்ளையின் கதையை நான்கு மேசைகளின் முன் நான்கு முறை அத்தாய் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். 2022-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழக அரசு மேற்கொண்ட 'உரிமைகள்' திட்டம், சேவைகளை ஓரிடத்தில் சேர்க்கவும் வீட்டருகே கொண்டுசெல்லவும் முனைகிறது. அது நிறைவேற வேண்டும் என்பதே நமது அவா.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1986-இல் தமது சட்டத்தைத் திருத்தி, பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குறையுடைய குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதியொன்றைச் சேர்த்தன. அதில் நம்மைக் கவர்ந்தவை மூன்று. ஒரு குழந்தையைப் பற்றித் தகவல் வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் சோதனையையும் குடும்பத்தோடு அமர்ந்து பேசும் முதற் கூட்டத்தையும் முடித்தாக வேண்டும் என்பது ஒன்று. அங்கே எழுதப்படும் திட்டத்துக்குக் குழந்தையின் திட்டம் என்று பெயரில்லை. குடும்பத்தின் சேவைத் திட்டம் என்றே பெயர். அலுவலகங்களுக்கிடையே அலையும் வேலையைத் தாயிடமிருந்து வாங்கிக்கொள்ள ஒருவர் பொறுப்பாக நியமிக்கப்படுகிறார். சேவையும் இயன்றவரை வீட்டிலேயே. அங்கும் குறைகள் உண்டு. எவ்வளவு தாமதமிருந்தால் தகுதி என்பதை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வகுப்பதால், மாநிலம் மாறிக் குடியேறிய குழந்தை சேவையை இழக்க நேர்கிறது. எனினும் அந்த 45 நாள் கணக்கு இருக்கிறதே, அதுவே பெரிது. நாளை எண்ணத் தொடங்கிவிட்டால் தாமதத்துக்குப் பொறுமை என்று யாரும் பெயர் சூட்ட முடியாது.

வீடு தேடிச் செல்லும் முறைக்குக் கடல் கடக்க வேண்டியதுமில்லை. தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் 1981-இல் நிறுவிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து, வீடுவீடாக அனுப்பி, நிபுணர்களின் மேற்பார்வையில் தாய்மாருக்குக் கற்பித்து வருகிறது. 1975-இல் கடற்படைத் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர்.

இத்தனையும் எழுதிய பின் ஒரு வினா நம்மையே தடுக்கிறது. 'விரைந்து திருத்த வேண்டும், திருத்த வேண்டும்' என்று நாம் கூறும்போது, திருத்தவியலாத பிள்ளையைப் பற்றி என்ன சொல்கிறோம்? அப்படைப்பைப் பிழை என்கிறோமா? அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பார்வையற்றவர்களாகவே வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கண் வரவில்லை. பிலால் (ரலி) அவர்களோடு பாங்கு சொல்லும் பணி வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர் செல்லுங்கால் மதீனாவில் பிரதிநிதியாக இருக்கும் சிறப்பும் வந்தது. அவர் திருத்தப்படவில்லை. அவருக்கு இடம் கொடுக்கப்பட்டது.

செவிகேளாப் பிள்ளையின் விஷயத்தில் இவ்வேறுபாடு நன்கு துலங்கும். சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த செவிகேளாச் சிசுக்கள், மற்றச் சிசுக்கள் வாயால் மழலை பேசும் பருவத்தில் கையால் மழலை பேசுகின்றன என்று 1991-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே அங்கே கேடு விளைப்பது ஓசையின்மையன்று, மொழியின்மை. கருவியாலோ கையாலோ ஏதேனும் ஒரு மொழி அம்முதல் ஆண்டுகளில் அப்பிள்ளையைச் சென்றடைய வேண்டும். எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது சேவையின் நோக்கமென்றால் நமக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை தன்னால் இயன்றமட்டும் வளரவும், வீடும் தெருவும் அதற்கு இடம் கொடுக்கவும் பழகுவதே நோக்கமென்றால், அது ஒரு நாளும் தாமதிக்கத் தக்கதன்று.

பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் போன்றோர், இளமையில் செலவிடும் பணம் பிற்காலத்தில் பன்மடங்காகத் திரும்பும் என்று கணக்கிட்டுக் காட்டுகின்றனர். அரசுகளை அசைக்க அவ்வாதம் உதவலாம். ஆயினும் நமக்கு அதில் ஒரு கூச்சம். நமது தெருப் பெண்ணின் மகள் என்றைக்கும் சம்பாதிக்காமற்போகலாம். அவள் தலையை நேராகத் தாங்கிச் சோறூட்டுவதில் அரசுக்கு என்ன இலாபம்? இலாபமில்லை, அவளுக்குப் புரையேறாது.

ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. ஒரு பிள்ளைக்குப் பேருந்துச் செலவும் துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலியும் மஹல்லாவின் பைத்துல்மாலுக்குப் பெரும் சுமையன்று. அதைவிடக் கடினமான காரியம் வேறு. மூத்தவளுக்குச் சம்பந்தம் தட்டிப்போகுமே என்று இளைய பிள்ளையின் குறையை மறைக்கும் வீடுகள் எத்தனை! பெண் பார்க்க வருவோரும் நம் மஹல்லாக்காரர்களே. அவர்கள் முகஞ்சுளிக்கும் வரை இவர்கள் மறைத்தே தீர்வார்கள். மறைக்கும் தாயை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது. நாமும் ஒரு காலத்தில் அதைச் செய்தவர்களே.

அந்த மக்தப் சிறுவன் இன்று வாலிபன். இரும்புக் கடையொன்றில் கணக்கெழுதுகிறான். செவியில் கருவி உண்டு. இப்போதும் ஸீனுக்கும் ஷீனுக்கும் வேறுபாடறிய நமது உதடுகளைத்தான் பார்க்கிறான். சென்ற மாதம் அவன் தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. நாற்பது கழியட்டும், பிறகு வெளியே எடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை மீறி, பதினெட்டாம் நாளே மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றான். நம்மையும் அழைத்திருந்தான். குமிழைக் காதில் பொருத்தினார்கள், குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. வலது செவி தேறியது. இடது செவிக்கு மறுசோதனை வேண்டும் என்று எழுதினார்கள். எதிரொலி வராததற்குக் காதிலுள்ள அழுக்குகூடக் காரணமாகலாம், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார்கள். அவன் பயந்ததாகத் தெரியவில்லை. "எந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டான். சீட்டில் எழுதும்வரை அங்கிருந்து நகரவுமில்லை. அந்தத் தேதியை நாமும் குறித்து வைத்திருக்கிறோம்.